கேட்காமல் போட்ட கையெழுத்து

பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சார் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். மாலை நான்கு மணி வெயில். அலுவலகப் படி இறங்கும்போது என் சட்டைப்பையில் ஐம்பது காசு அளவில் இருந்த ஊதாக் கறை, ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டுவதற்குள் உள்ளங்கை அளவுக்குப் பரவிவிட்டது. எதிரே வந்தவர்கள் முதலில் கறையைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒதுங்கி வழிவிட்டார்கள். பேனா கசிகிறது என்று நினைத்திருப்பார்கள். பையில் இருந்தது பேனா அல்ல, ஒரு ரப்பர் முத்திரை. மீன் படம் போட்டது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் அதனால் எனக்கு வேலை போயிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் கிள்ளான் பஸ்ஸைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

எல்லை தாண்டிய ஒத்துழைப்புக்கான நிதித் திட்டங்களில் களப்பணிக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, அறிக்கையை எந்த வரிசையில் அடுக்குவது என்பதையெல்லாம் சொல்லித்தர என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அப்பா இறந்த வாரம் புத்தகப் பையில் அரிசி வாங்கி வந்தேன். அதன் பிறகு அந்தப் பையில் புத்தகம் ஏறவே இல்லை. என்னால் சொல்ல முடிந்தது, இந்தக் கறை என் சட்டைக்கு எப்படி வந்தது என்பதுதான்.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய காலம். மலாக்கா நீரிணையின் இரு கரைகளிலும் இருக்கிற சிறிய ஊர்களுக்கு உதவுவதென்று வெளிநாட்டுக் கொடையாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு நிதியை ஏற்படுத்தியிருந்தார்கள். அதன் பெயர் ஒரு வரி நீளம். நாங்கள் இருகரை நிதி என்போம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். விதி ஒன்றுதான் கண்டிப்பானது. ஒரு கரைக்கு மட்டும் பயன்படும் எதற்கும் காசு கிடையாது. இந்தக் கரையில் ஓர் ஊர், அந்தக் கரையில் ஓர் ஊர், இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும். இரண்டு ஊரின் சம்மதக் கடிதமும் கோப்பில் இருக்க வேண்டும்.

அங்கே நான் களப்பணியாளனாகச் சேர்ந்த கதை சுருக்கமானது. அதற்கு முன்னால் லோரி கெலிண்டானாக இருந்தேன், அதாவது ஓட்டுநருக்கு எடுபிடி. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தேன். போர்ட் கிள்ளானில் சுமத்ராவிலிருந்து வரும் மரக்கட்டைப் படகுகளில் கட்டை எண்ணினேன். அந்தப் படகுகளில் சில தடவை அக்கரைக்கும் போய்வந்தேன். எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. 'இது தெரியுமா?' என்று எந்த முதலாளி கேட்டாலும் 'தெரியும்' என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்துவிட்டு, தெரியாது என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் பாதி கற்றுக்கொண்டுவிடுவது என் வழக்கம். இருகரை நிதிக்கான விண்ணப்பத்தில் ஐந்தாம் படிவம், அதாவது பள்ளி இறுதி வகுப்பு, தேர்ச்சி என்று எழுதினேன். சான்றிதழ் வெள்ளத்தில் போய்விட்டது என்றும் எழுதினேன். எந்த வெள்ளம் என்று யாரும் கேட்கவில்லை.

அலுவலகத் தலைவி யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வந்தவர். அப்பா, தாத்தா எல்லோரும் அரசாங்க உத்தியோகம். கோப்பில் ஒரு தாள் கோணலாகக் குத்தப்பட்டிருந்தால் அதை எடுத்து மறுபடி குத்துவார். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிடுவோம். முதல் நாள் எனக்கு ஒரு மேசையும் ஒரு சுழல்நாற்காலியும் காட்டினார். அந்த நாற்காலிதான் என்னைக் கெடுத்தது. முப்பத்து மூன்று வயதுவரை பெஞ்சிலும் சாக்கிலும் படகின் விளிம்பிலும் உட்கார்ந்தவனுக்கு, சுற்றுகிற நாற்காலியைக் கொடுக்கக் கூடாது. சுற்றி ஜன்னலைப் பார்ப்பேன், சுற்றிக் கதவைப் பார்ப்பேன். களப்பணியாளன் களத்துக்குப் போகாமல் இருக்க ஆயிரம் காரணங்கள் உண்டு. என்னுடையதற்கு நான்கு சக்கரங்கள் இருந்தன.

இனி மாரிமுத்துவைச் சொல்ல வேண்டும்.

தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டிப் போனால் ஆற்றுவாயில் ஒரு மீன்பிடிக் கம்பம், அதாவது கிராமம். பெரும்பாலும் மலாய்க்காரர்கள். தோட்டத்தை விட்டு வந்து நண்டு பிடிக்கப் பழகிய தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து. மாரிமுத்து அதில் ஒருவன். அந்தப் பக்கத்து மீனவர்கள் பயப்படுவது சுமத்ரா காற்றுக்குத்தான். மேற்கிலிருந்து விடியற்காலையில் வரும். கறுப்பாக ஒரு சுவர் எழுந்து வருவது போல இருக்கும், அவ்வளவுதான், அடுத்த கால் மணியில் படகு தலைகீழ். அக்கரையில் அது இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தெரிந்துவிடும். அங்கிருக்கிறவர்களுக்குத் தெரியும், இங்கிருக்கிறவர்களுக்குச் சொல்ல வழியில்லை.

ஒரு காற்றுப் பருவத்தில் மாரிமுத்துவின் படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் வெறும் படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஊர் கூடி அழுதது. பதினாறாம் நாள் காரியம் செய்தார்கள். பதினேழாம் நாள் காலையில், தோளில் ஒரு கட்டு உப்புக் கருவாட்டோடு மாரிமுத்து நடந்து வந்தான். அக்கரை மீனவர்கள் அவனைத் தூக்கி, ஊர்த்தலைவர் வீட்டில் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். அந்த ஊரில் போன் கிடையாது. கிள்ளானுக்கு ஒரு கட்டைப் படகு புறப்படும்வரை காத்திருந்து அதில் வந்து சேர்ந்தான்.

அதை அவன் மனைவி பவளம் எனக்குச் சொன்னாள்.

"வாசல்ல பந்தல் இன்னும் பிரிக்கல அண்ணே. இவரு வந்து நின்னு பந்தலப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு. 'யாரு வீட்டு விசேஷம்?'னு கேக்குறாரு. எனக்கு வாய் வரல. எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா, அந்த மாக்சிக்தான் சொன்னாங்க, 'உன்னோடதுதான், நேத்து வந்திருந்தா வடை கெடச்சிருக்கும்'னு."

மாரிமுத்து குறுக்கிட்டான். "பாயசம் கூட மிச்சமில்லண்ணே. எனக்கு வெச்ச விருந்து, எனக்கே இல்ல."

பவளம் சிரிக்கவில்லை. கழுத்தில் மஞ்சள் இன்னும் புதுசாக இருந்த தாலிக் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இது ரெண்டாவது. மொத தடவ அறுத்துட்டாங்க. மறுபடி கோவில்ல கட்டுறப்ப பூசாரிக்கே என்ன மந்திரம் சொல்றதுன்னு தெரியல. இன்னொரு தடவ இந்தக் கழுத்துல யாரும் கை வெக்க விடமாட்டேன் அண்ணே. அந்தப் பெட்டி வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க."

பெட்டி என்றால் வயர்லெஸ் பெட்டி. அக்கரை ஊரில் ஒன்று, இந்தக் கம்பத்தில் ஒன்று, இரண்டு இடத்திலும் உயரமான ஆன்டனா. அங்கே வானம் கறுத்தால் இங்கே சொல்ல வேண்டும். யாராவது காணாமல் போனால், அங்கே ஒதுங்கியிருந்தால், அதே நாளில் சொல்ல வேண்டும். இருகரை நிதிக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடையாது என்று மிஸ்ஸே சொன்னார். அவர் அப்படியெல்லாம் சொல்கிறவர் அல்ல.

"வரும்," என்றேன் பவளத்திடம். "அடுத்த காற்றுக்கு முன்னாடி வந்துடும்." வழக்கமான என் 'தெரியும்' மாதிரிதான் இதுவும். ஆனால் இந்தத் தடவை அதை நம்பி ஒரு பெண் வீட்டுக்குள் போனாள்.

தேர்வுக் குழு ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். அதற்குள் அக்கரை ஊரின் சம்மதக் கடிதம் வேண்டும். மிஸ் என்னிடம் படிவத்தைக் கொடுத்து, "நேர போய், வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும்" என்றார். படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். நாற்காலியில் சுற்றினேன். கட்டைப் படகில் போக ஒரு முழு நாளும் அதற்கு மேலும் ஆகும். கரி மூட்டை மேல் படுக்கை. போன தடவை போகும்போது முழுக்க வாந்தி. அடுத்த வாரம் போகலாம் என்று நான்கு வாரம் நினைத்தேன்.

அப்போது என் அதிர்ஷ்டம், அப்படித்தான் அன்று நினைத்தேன், அந்த ஊர்த்தலைவரே ஒரு கட்டைப் படகில் கிள்ளானுக்கு வந்தார். செய்தி கேட்டு ஓடினேன். துறைமுகத்தின் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார். வயர்லெஸ் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "போலே," என்றார். ஆகட்டும் என்று அர்த்தம். மாரிமுத்துவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார். படிவமோ பிரிக்பீல்ட்ஸில் இழுப்பறையில் இருந்தது. மறுநாள் எடுத்துக்கொண்டு வந்தபோது, படகு புறப்பட்டுப் போய்விட்டிருந்தது.

இப்போது கவனியுங்கள். உங்களில் பலரும் செய்யப்போகிற தவறு இங்கேதான் தொடங்குகிறது. அது தவறு மாதிரியே இருக்காது. அவர் சரி என்று சொல்லிவிட்டார், நான் என் காதால் கேட்டேன், மிச்சம் இருப்பது வெறும் தாள்தானே என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவர் பெயரில் நானே கடிதத்தை எழுதினேன். எழுத ஆரம்பித்த பிறகு கை நிற்கவில்லை. குழுவுக்குப் பிடிக்கும் என்று தெரிந்ததையெல்லாம் சேர்த்தேன். பெட்டியை இரவு பகலாகக் கவனிக்க ஊர்ப் பெண்கள் முறை போட்டுக் கண்விழிப்பார்கள் என்று எழுதினேன். பெண்கள் என்று எழுதினால் கொடையாளர்கள் அந்த வரியின் கீழே கோடு போடுவார்கள். பிறகு வளைத்து நெளித்து ஒரு கையெழுத்துப் போட்டேன். என் சொந்தக் கையெழுத்தைவிட அழகாக வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் நாட்டில் சாப்பு, அதாவது முத்திரை, இல்லாத தாளை யாரும் தாளாக மதிப்பதில்லை. மஸ்ஜித் இந்தியாவில் முத்திரை செய்யும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ராமநாதபுரத்துப் பாய். ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

"ரவுண்டா, சதுரமா?" என்றார்.

"எது பாய் நம்பிக்கையா இருக்கும்?"

"சதுரம்னா கடை. ரவுண்டுன்னா கவர்மென்ட். நடுவுல ஏதாச்சும் படம் வேணுமா? மான் இருக்கு, மயில் இருக்கு."

"மீன் இருக்கா?"

"மீன் போடலாம். என்ன மீன்?"

"நல்ல மீனா போடுங்க பாய்."

அவர் நிமிர்ந்தார். "ஊர்த் தலைவர் நீங்களா?"

"ஆமா."

"அப்போ மை பச்சையில எடுக்காதீங்க, அது பெரிய ஆபீசருங்க போடறது. ஊதாவுல எடுங்க. ஊதாவ யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

முத்திரையும் ஒரு ஊதா மைப்பெட்டியும் வாங்கினேன். சாப்பு குத்தியதும் கடிதத்துக்கு ஒரு களை வந்துவிட்டது. தலைவர் கிள்ளானுக்கு வந்தபோது கையெழுத்திட்டார் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வடிவான மீன்," என்று மட்டும் சொல்லிக் கோப்பில் குத்தினார்.

குழு எங்கள் மாடியிலேயே கூடியது. நீள மேசையின் ஒரு முனையில் மிஸ். கொடையாளர்கள் சார்பில் ஓர் ஐரோப்பியப் பெண்மணி, கையில் சின்னக் குறிப்பேடு. அக்கரையின் சார்பில், அந்த மாவட்டத்து அலுவலகத்திலிருந்து பூ அச்சிட்ட பாத்தேக் சட்டை போட்ட ஒரு அமைதியான மனிதர். திட்டத்தால் பயன்பெறப் போகிறவர்கள் என்று மாரிமுத்துவையும் பவளத்தையும் நான்தான் அழைத்து வந்திருந்தேன். மாரிமுத்துவுக்கு என் சட்டையைக் கொடுத்திருந்தேன். கடைசிப் பொத்தான் போட வரவில்லை.

மாரிமுத்து தன் கதையைச் சொன்னான். ஐரோப்பியப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பாத்தேக் சட்டைக்காரர் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, என் கடிதத்தை எடுத்தார். நிதானமாகப் படித்தார்.

"அழகான சாப்பு," என்றார் மலாயில்.

"நன்றி," என்றேன் நான். அங்கேயே என் நாக்கைக் கடித்திருக்க வேண்டும்.

"இந்தத் தலைவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் பெருவிரல் ரேகைதான் வைப்பார். கையெழுத்துப் போட எப்போது பழகினார்?"

நெருக்கடி என்றால் சிந்திக்க நேரம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். மூளை தன் பழைய பாதையில் தானாக ஓடும். என் பழைய பாதை உங்களுக்குத் தெரியும்.

"இப்போதுதான் பழகினார்," என்றேன். "முதியோர் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்."

"எங்கள் ஊரில் முதியோர் வகுப்பா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. அது கேலி அல்ல, நிஜமான சந்தோஷம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "யார் நடத்துகிறார்கள்?"

"ஊர்ப் பெண்கள்," என்றேன். பெண்கள் ஏற்கனவே கடிதத்தில் இருந்தார்கள், கைக்கு அருகில்.

மிஸ் வேறு வழியில்லாமல் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஐரோப்பியப் பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்து குறிப்பேட்டில் வேகமாக எழுதினார். இரவில் கடலைக் காவல் காத்துக்கொண்டு பகலில் முதியோருக்கு எழுத்துச் சொல்லித்தரும் பெண்களா? இதற்குத் தனியாகவே நிதி தரலாமே, எத்தனை மாணவர்கள், கரும்பலகை இருக்கிறதா, அடுத்த மாதம் நானே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் பிறப்பித்து இரண்டு நிமிஷம் ஆகாத பள்ளிக்கூடத்துக்கு அவர் கூரை போட்டுக்கொண்டிருந்தார்.

என் கையை யாரோ தொட்டார்கள். மாரிமுத்து. குனிந்து என் காதில் சொன்னான்.

"அண்ணே, அங்க அப்படி ஒண்ணும் இல்லண்ணே. நான் அவரு வீட்லதான் இருந்தேன். அவருக்கு எழுதத் தெரியாது."

"சும்மா இரு."

"அந்தப் பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடியே கருவாட்டுக்கு மீன் கீறப் போயிடுவாங்க. அவங்க எங்கண்ணே ராத்திரி முழிக்கிறது? அப்போ காத்து வந்தா நமக்கு யாரு சொல்லுவா?"

அவன் பொய்யைப் பற்றிக் கவலைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அக்கரைப் பெட்டிக்கு முன்னால் ஆள் இருக்காது என்பதைத்தான் அவன் பார்த்தான். பெட்டி வரும், ஆன்டனா நிற்கும், திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டுவார்கள். காற்று வரும் விடியற்காலையில் அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். இவன் பெட்டியை நம்பிக் கடலுக்குள் இருப்பான். பவளம் மேசைக்கு அந்தப் பக்கம் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மலாயில் பேசியது பாதிதான் அவளுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், நல்லாத்தான் போகுது என்பது போல.

எழுந்து நின்றேன். நாற்காலி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தது.

"வகுப்பு கிடையாது," என்றேன். "கையெழுத்து என்னுடையது. சாப்பு மஸ்ஜித் இந்தியாவில் செய்தது. தலைவர் சரி என்று வாயால் சொன்னது மட்டும் உண்மை."

மிஸ் அதையும் மொழிபெயர்த்தார், ஒரு சொல் விடாமல். ஐரோப்பியப் பெண்மணி பேனாவை மூடினார். பாத்தேக் சட்டைக்காரர் கோபப்படவில்லை. கடிதத்தில் ஒரு வரிமேல் விரலை வைத்தார்.

"கையெழுத்தை விடுங்கள். அது சின்ன விஷயம். இங்கே எங்கள் பெண்கள் முறை போட்டுக் கண்விழிப்பார்கள் என்று இருக்கிறது. அவர்களிடம் யார் கேட்டது?"

அதன் பிறகு இந்தத் தொழிலில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். கணினியில் அச்சடித்த, முத்திரை சுத்தமான, கையெழுத்து நிஜமான கடிதங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவற்றிலும் அதே வரி இருக்கும், வேறு ஊர்ப் பெயரோடு. பெண்கள் பார்த்துக்கொள்வார்கள், இளைஞர்கள் செய்வார்கள், ஊர் பராமரிக்கும். அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று தேடினால் பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கடைசியில் நேரில் போய்க் கேட்டபோது, பதினொரு பெண்களில் நான்கு பேர் முடியாது என்றார்கள். ஒருத்தி, இதற்கு எங்கள் ஆண்கள் என்ன செய்கிறார்கள் என்று என்னையே கேட்டாள். முடியாது என்றவர்களின் பெயரையும் கடிதத்தில் எழுதச் சொன்னாள். எழுதினேன். அப்படி ஒரு கடிதம் அந்த அலுவலகத்துக்கு அதற்கு முன் வந்ததில்லை; அதுதான் என்னை இந்தத் தொழிலுக்குத் திரும்பக் கூட்டிவந்தது.

ஆனால் அது பிறகு. அன்று குழு கொஞ்ச நேரம் தனியாகப் பேசியது. முடிவை மிஸ் வெளியே வந்து சொன்னார். கோப்பைப் பதினான்கு நாள் திறந்து வைப்பார்கள். அதற்குள் நிஜமான சம்மதம் வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அடுத்த கூட்டம், அதாவது அடுத்த காற்றுப் பருவம் முழுக்க முடிந்த பிறகு.

பவளம் கேட்டாள், "என்னண்ணே, வருதா?"

"தெரியல," என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் சரியான பதில்.

மாரிமுத்துவைப் பார்த்து, "அண்ணன் சட்டைய கழட்டிக் குடுத்துட்டு வா, போலாம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மிஸ் என்னை மேசைக்குக் கூப்பிட்டார்.

"நாளையில இருந்து நீர் வர வேண்டாம். சாவிய வைச்சிட்டுப் போம்."

வைத்தேன்.

"உம்மட ஐந்தாம் படிவம் பொய் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் மிஸ் எடுத்தீங்க?"

"அந்தக் கரைக்குப் போய் வந்த ஆள் வேற ஒருத்தரும் விண்ணப்பிக்கேல்லை. போய் வருவீர் எண்டு நினைச்சன். நீர் கதிரையில இருந்து சுத்துறீர்." கோப்பைத் திறந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து மேசையில் போட்டார். "இது கூடுதலாக் கிடக்கு. போகேக்க குப்பையில போடும்."

குப்பைக் கூடை அவர் காலடியில்தான் இருந்தது. நான் படிவத்தை மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்தேன். அவர் வேறு கோப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முத்திரையையும் மைப்பெட்டியையும் இழுப்பறையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். மைப்பெட்டியின் மூடி சரியாக மூடாது. பாய் அதைச் சொல்லவில்லை.

அப்படி வந்ததுதான் அந்தக் கறை.

பஸ்ஸில் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது கையில் இருந்த காசு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு வரும், படகுக்கு வராது. தெரிந்த ஒரு லோரிக்காரர் வீட்டு முன்னறையில் படுத்தேன். முத்திரையை அவர் மகளிடம் கொடுத்தேன். அவள் மறுநாள் காலைக்குள் வீட்டுச் சுவரெல்லாம் மீனாகக் குத்தி வைத்திருந்தாள். அவர் எழுந்து பார்ப்பதற்குள் நான் கிளம்பிவிட்டேன். மைப்பெட்டி மட்டும் என்னிடம் இருந்தது. பெருவிரலுக்கு வேண்டியிருக்கும்.

கட்டைப் படகுகள் நிற்கும் துறையில், அந்த ஊர்ப்பக்கம் புறப்படத் தயாராக ஒன்று இருந்தது. அதன் தவுக்கே, உரிமையாளர், ஒரு தமிழ் முஸ்லிம். பெட்டி மேல் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

"சமையல்காரன் ஓடிட்டான். அது ஒண்ணுதான் காலி. சமைக்கத் தெரியுமா?"

அந்தக் கேள்விக்கு என் வாய் பழகிய பதில் ஒன்று உண்டு. அது நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாது தவுக்கே. சோறு வடிப்பேன். கொழம்பெல்லாம் வராது."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "தெரியாதவன் சமையல் வேலைக்கு எதுக்குலா வந்த?"

"அந்த ஊர்ல கொஞ்சம் பேருகிட்ட கேக்காம அவங்க பேர்ல எழுதிட்டேன். போய்க் கேக்கணும்."

"கேட்டு?"

"முடியாதுன்னு சொன்னா, முடியாதுன்னு எழுதிட்டு வரணும்."

அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். "அது என்ன, ரத்தமா?"

"மை."

"ஊதாவா இருக்கு." கையைத் தட்டில் உதறினார். "என் ஆளுங்க ஆறு பேரு. கொழம்பு கெட்டா உன்னத் தூக்கித் தண்ணில போட்டுடுவாங்க, நான் தடுக்க மாட்டேன். வெங்காயம் உரிப்பியா?"

"அது தெரியும்."

"ஏறு."

பலகை மேல் நடந்து படகில் ஏறினேன். உட்கார ஒரு கவிழ்த்த வாளியைக் காட்டினார்கள். அது சுற்றவில்லை. சரிபார்ப்பதற்காக ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தேன். பிறகு ஒருவன் வந்து என் காலடியில் ஒரு சாக்கு வெங்காயத்தைக் கொட்டினான்.